ஆலாத்திட்டுக்கு ஒரு வருகைச் சீட்டு

ஆலாத்திட்டு என்கிற ஊர் எங்கள் அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் வாசல் காவலர் துரைக்கண்ணு. நாற்பத்தோரு வீடுகளும், ஒரு மாதாகோவிலும், கோவிலுக்கு முன்னால் வலை காயப்போடுகிற மணலும், உப்புத்தண்ணீர்க் கிணறும், மூன்று தென்னைகளும், ஊரின் கால்மாட்டில் கிடக்கிற கடலிலிருந்து எட்டடி அகலத்துக்கு ஒரு கீற்றும், கோழிகளும், ஆடுகளும், அடுப்பில் உலையோடு பெண்களும், பல் விளக்கிக்கொண்டிருந்த ஆண்களும் வாசலுக்கு முன் வந்து நின்றபோது, அவர் எல்லோரிடமும் கேட்பதைப் போலவே எங்கிருந்து வருகிறீர்கள், என்ன காரியம் என்று கேட்டு, வருகைப் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதி, அன்றைய முதல் இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, போகும்போது பார்த்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் திருப்பித் தரவேண்டும், இல்லாவிட்டால் வெளியே விடமாட்டோம் என்று சொல்லி, கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். அவர்கள் அந்தச் சீட்டைக் கோவில் கதவில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் ஒன்பது மணிக்கு வந்தபோது என் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் கிணறு இருந்தது. வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு, இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ஒதுங்கி நடந்து, ஓரிடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலைக் கடந்து, மாடிப்படி ஏறினேன். எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பயம்தான் வந்தது, ஏனென்றால் முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அந்த ஊரின் பெயரை நிறுத்திவைத்தவன் நான்.

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் இணையத்தில் இரண்டெழுத்து வால் ஒன்று உண்டு. எங்கள் தீவுநாட்டுக்கும் உண்டு. அந்த வாலுக்கு முன்னால் யார் எந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், எத்தனை காலம் வைத்துக்கொள்ளலாம், எப்போது அது அவர்களிடமிருந்து எடுக்கப்படும் என்று விதி செய்கிற பதிவகம் எங்களுடையது. நாட்டிலுள்ள எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருக்கின்றன. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று நாளுக்கு மூன்று முறை என் சக ஊழியர் பெனடிக்டா அந்தக் கோப்பைப் புதுப்பித்து உலகத்துக்கு வெளியிடுவார். கோப்பில் இருக்கிற பெயர் இருக்கிறது, இல்லாத பெயர் இல்லை. விதிகளைச் செய்ய ஒரு குழு இருக்கிறது, அது வருஷத்துக்கு மூன்று தடவை கூடும், அதற்கு ஏழு நாற்காலிகள். ஏழாவது நாற்காலி பொதுமக்களுடையது, அதில் உட்கார ஆளை நியமிக்கும் கடிதம் அமைச்சகத்தில் ஒன்பது வருஷமாகக் கிடக்கிறது, ஆகவே கூட்டம் நடக்கும்போதெல்லாம் நான் அதில் என் பையை வைத்துக்கொள்வேன். விதிகளை எழுதுவது நான், பாலிசி அதிகாரி என்று பதவி. எந்த விதியின் கீழும் எழுதியவன் பெயர் இருக்காது, "பதிவகத்துக்காக" என்று மட்டும் இருக்கும்.

பதினான்காம் விதியும் அப்படி நான் எழுதியதுதான். ஊர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெயர்களைப் பன்னிரண்டு வருஷம் ஆனதும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும் என்று குழு சொன்னது, ஆளில்லாத பெயர்கள் கோப்பில் தங்கக்கூடாது என்பதற்காக. நான் எழுதினேன்: தவணை முடிந்த நாளில் பெயர் நிறுத்திவைக்கப்படும், அதன்பின் பெயருக்கு உரியவரின் முகவரிக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பப்படும், அந்த முகவரியிலிருந்தே முப்பது நாளுக்குள் பதில் வந்தால் பெயர் திரும்பக் கிடைக்கும், வராவிட்டால் மேலும் ஐந்து நாள் பூட்டப்பட்டுப் பிறகு முதலில் கேட்பவருக்குக் கொடுக்கப்படும். முதலில் நிறுத்து, பிறகு கேள். நின்றுபோனால்தான் சனங்கள் கவனிப்பார்கள் என்று குழுவில் விளக்கினேன், ஆறு பேரும் தலையாட்டினார்கள், என் பையும் எதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் "ஊருக்கொரு பெயர்" திட்டத்துக்காகப் படிவக்கட்டோடு படகில் ஊர் ஊராகப் போனவனும் நான்தான். ஒரே நாளில் நான்கு ஊர் முடித்து ஐந்தாவதாக ஆலாத்திட்டில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது, படகுக்காரர் தண்ணீர் வற்றுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். மாதாகோவில் படியில் உட்கார்ந்து, மீனவர் சங்கத்துச் செயலாளர் இன்னாசியம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பினேன். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம், அந்த ஊரில் பத்தாவது வரை படித்த ஒரே பெண்.

"மின்னஞ்சல் முகவரின்னு போட்டுருக்கே, அதுல என்ன சார் எழுத?"

"உங்களுக்கு இருக்கா?"

"எங்களுக்குக் கடுதாசி வாரதே மாசத்துக்கு ஒருக்க. அதுவும் படகுக்காரர் நனைச்சுத்தான் தருவாரு."

நான் அங்கேயே, அப்போதே, ஆலாத்திட்டு என்ற அந்தப் புதுப் பெயரிலேயே அவருக்கு ஒரு முகவரியை உண்டாக்கி எழுதினேன். உங்க ஊர்ப் பெயரிலேயே உங்களுக்கு முகவரி, யாரும் எடுத்துக்க முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். எழுதி முடித்த கணமே எனக்குத் தெரிந்தது. பெயர் நின்றால் அந்த முகவரியும் நின்றுபோகும். பெயர் நின்றுவிட்டது என்று சொல்லும் கடிதம் அந்தப் பெயருக்குள் போகவே முடியாது. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டிருந்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் போன நான்கு ஊர்களிலும் அப்படித்தான் செய்திருந்தேன், அதற்குப் பின் போன முப்பத்துமூன்றிலும் அப்படித்தான் செய்தேன். இன்னாசியம்மா பொரித்த சாளை மீனைத் தாமரையிலையில் கட்டிக் கொடுத்தார். படகிலேயே தின்று முடித்தேன்.

படிவங்கள் அகரவரிசையில் கோப்பில் ஏறியதால் முப்பத்தெட்டு ஊர்களில் தவணை முதலில் முடிந்தது ஆலாத்திட்டுக்கு. ஆக, நிறுத்திவைத்த திங்கட்கிழமையே முதல் கடிதத்தை அனுப்பினேன், ஒரு நிமிடத்தில் அது திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் கிடையாது. "அனுப்பப்பட்டது" என்ற கட்டத்தில் குறியிட்டேன். மறுநாள் காலை ஊரே வந்து நின்றது.

வந்த ஊரை நகரம் எடுத்துக்கொண்ட விதம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மின்வாரியம் இரண்டு நாள் யோசித்து, தற்காலிகப் பந்தல்களுக்குத் தருகிற இணைப்பைக் கொடுத்தது. தபால்காரர் ஆலாத்திட்டு என்று எழுதிய கடிதங்களை ஆலாத்திட்டில்தான் கொடுப்பேன், ஆனால் ஆலாத்திட்டு வடக்கு வட்டாரத்தில் சேர்ந்தது, எனக்கு அங்கே போகிற உத்தரவில்லை என்று சொல்லி, கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து வாங்கிக்கொள்ளும்படி செய்தார். அந்தத் திங்கள் இரவில் கடலுக்குப் போயிருந்த பதினேழு ஆண்கள் விடிகாலையில் திரும்பிப் பார்த்தபோது கரையில் சமமான மணல் மட்டும் இருந்ததாம், குழிகூட இல்லையாம், ஊர் எங்கே போயிருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, துடுப்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தும் படகேறியும் வந்து சேர்ந்தார்கள். துரைக்கண்ணு அவர்களுக்குத் தனிச் சீட்டு வேண்டாம், ஊர்ச் சீட்டிலேயே அடக்கம் என்று சொல்லிவிட்டார்.

கடல் கீற்றில் நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி வற்றியது. இயக்குநர் கசாலி, என்னைவிடப் பத்து வயது இளையவர், ஏற்ற நேரத்தில் ஊழியர்கள் காற்சட்டையை மடித்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டார். எதிர்த் தெரு டீக்கடைக்காரர் சைக்கிள் நிறுத்தத்தில் தூண்டில் போட்டுக் பொடிமீன் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து கால் நனைத்துவிட்டுப் போயின. குழுக் கூட்டத்தின் நடுவில் மாதாகோவிலின் திருந்தாதி ஜெப மணி அடித்தபோது தலைவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்து, மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அரசாங்க அலுவலகங்களில் காத்திருந்து பழகிய சனங்கள் அவர்கள். வாசலில் கோலம் போட்டார்கள், வலை பின்னினார்கள், முதல் மாடிவரைக்கும் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெயரைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்திருந்த இன்னாசியம்மா தினமும் காலையில் பத்து மணிக்குக் கவுண்டருக்கு வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் கொடுத்த சான்றிதழ்.

"எங்க மனு என்னாச்சு சார்?"

"பதில் வரணும்மா. அந்த முகவரியிலேர்ந்து பதில் வந்தாத்தான் எடுத்துக்க முடியும்."

"நானே நேர்ல வந்து நிக்கேனே."

"நேர்ல வர்றதுக்கு விதியில இடமில்ல."

அவர் திரும்பி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். கீழே கோவில் கோபுரத்துச் சிலுவை எங்கள் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. "ஊரே வந்துருக்கு சார்," என்றார் மெதுவாக. "இருக்கமான்னு தானே கேக்கீங்க. இந்தா இருக்கோம்."

"உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கும்மா," என்றேன்.

அனுப்பியிருக்கிறது என்ற சொல் பொய்யில்லை. நான் என் வாழ்க்கையில் சொன்னவற்றிலேயே மிக மோசமான சொல் அதுதான் என்றாலும் பொய்யில்லை.

அவர் சான்றிதழைக் கவருக்குள் வைத்தார். "அப்போ நாந்தான் பாக்காம விட்டுட்டேன் போல," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டாவது கடிதம் பதினோராம் நாள் போய்த் திரும்பியது. அதற்குள் கீழே செய்தி பரவியிருந்தது. கடிதம் வந்ததாம், செயலாளரம்மா பார்க்கவில்லையாம். ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கையருகில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் படியிறங்கும்போது காதில் விழும்.

"படிச்சவன்னுதான குடுத்தோம் பொறுப்ப."

"அவளுக்கு மீட்டிங்குக்குப் போவவே நேரம் சரியாருக்கும். கடுதாசி எங்க பாக்க."

"சங்கத்துப் பொட்டிய இனி வேற ஆளுட்டக் குடுத்துரணும்."

வலைக்கு நான்கு பெண்கள் நான்கு மூலையில் உட்காருவார்கள். பதினைந்தாம் நாள் இன்னாசியம்மா உட்காரப் போனபோது அவருடைய மூலையில் வேறொருத்தி இருந்தாள், யாரும் நகரவில்லை. அவர் திரும்பி நடந்து, கீற்றுக் கடலில் கட்டியிருந்த படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் இருப்பது அங்கேதான். நான் அலுவலகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்தப் படகைத் தொட்டுக்கொண்டுதான் போகவேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நிற்பார். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேர் எனக்கு எழுந்து நின்றிருக்கிறார்கள், நான் கவனித்ததில்லை. அந்த நாட்களில் அவர் எழுந்திருக்கக்கூடாது என்பதற்காகச் சுவரோரமாகத் தலை குனிந்து நடந்தேன். அப்படியும் எழுந்தார்.

பெனடிக்டா என்னோடு பதினைந்து வருஷம் வேலை செய்தவர், கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த முகவரி அதே பேருக்குள்ளதான் இருக்கு, பாத்தீங்களா?" என்றார்.

"ம்."

"யாரு எழுதுன படிவம் இது?"

அவர் படிவத்தில் இருந்த கையெழுத்தையும் என் மேசையில் கிடந்த தாளின் கையெழுத்தையும் பார்த்தார்.

"பதிவகத்தோட பிழைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கையெழுத்தோட. பேர் போட்டு. முப்பதாம் நாள் சாயங்காலக் கோப்பு போறதுக்கு முன்னால வந்தாப் போதும், நான் ஏத்திவிட்டுருவேன். அதுக்கப்புறம் பூட்டிக்கும், என்னாலயும் முடியாது."

"அவ்வளவுதானா?"

"ஒரு வரிண்ணே," என்றார். "மூணாப்புப் பிள்ளைங்களே எழுதும்."

கசாலியிடம் பேசிப் பார்த்தேன். எனக்கு உத்தரவு கொடுக்கட்டும் என்று நினைத்தேனா, தடுக்கட்டும் என்று நினைத்தேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் ஜன்னலோரம் நின்று தென்னை மட்டையை விலக்கிக்கொண்டே கேட்டார். "இதே மாதிரி எத்தன ஊர்?"

"இதோட முப்பத்தெட்டு, சார்."

"அத்தனைக்கும் தப்புன்னு எழுதிருவீங்க?"

நான் விரல் நகத்தைப் பார்த்தேன்.

"விதி உங்களது. அடுத்த மாசம் மத்த நாட்டுக்காரங்களுக்கு இதை ஒரு முன்மாதிரி விதியா வாசிக்கப் போறவரும் நீங்கதான். எழுதுங்க, எழுத வேணாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நானும் எழுதச் சொல்லல, ஞாபகம் வச்சுக்கங்க."

நல்ல மனிதர். என்னிடமே விட்டுவிட்டார். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கடிதமும் போய்த் திரும்பிய பிறகு முப்பதாம் நாள் வந்தது. மாலை நான்கு மணிக்கு அந்த வரியை எழுதினேன்: ஆலாத்திட்டுக்கு அனுப்பிய கடிதங்கள் சேரவில்லை, சேர முடியாத முகவரியை எழுதியவன் நான், பிழை என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெனடிக்டாவிடம் கொடுப்பதற்கு முன் முதலில் இன்னாசியம்மாவிடம் சொல்லவேண்டும், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன். கொடுத்துவிட்டே இறங்கியிருக்கலாம். கோப்பறை என் அறையிலிருந்து ஆறு எட்டுத் தூரம்தான். நான் கீழே போனதே கொடுக்காமல் இருக்க ஒரு வழி தேடித்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது அதை மரியாதை என்று நினைத்தேன்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் படகிலிருந்து எழுந்து, ஒரு பலகையைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இந்த ஒரு மாசமும் நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசுனது. ஊர்ல ஒரு சனம் பேசல. நீங்க நெனச்சா இவ கவனிக்காம விட்டவதானன்னு நாலு வார்த்த ஏசியிருக்கலாம். ஏசல."

பையிலிருந்த தாள் என் நெஞ்சில் உறுத்தியது. இப்படிச் சொன்னவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம், ஐந்தரைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கடலைப் பற்றியும், போன வருஷம் மூழ்கிய படகைப் பற்றியும், ஊரின் இணையப் பக்கத்தில் ஏற்ற வற்ற நேரங்களைத் தானே தினமும் எழுதிப் போட்டுவந்ததையும், வெளிநாட்டில் வேலைக்குப் போன பிள்ளைகள் அதைப் பார்த்து அங்கிருந்தே இன்றைக்குக் கடல் எப்படி என்று தெரிந்துகொண்டதையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாடி ஜன்னலில் பெனடிக்டா இரண்டு முறை வந்து நின்று பார்த்தார். மூன்றாவது முறை வரவில்லை. ஆறு மணிக்குத் திருந்தாதி மணி அடித்தது, ஊர் முழுக்க எழுந்து நின்றது, நானும் எழுந்து நின்றேன், கோப்பு போய்விட்டது.

பூட்டிய ஐந்து நாளில் ஊர் மங்கியது. முதல் நாள் வீடுகளுக்கு நிழல் விழவில்லை. இரண்டாம் நாள் அடுப்பில் புகை வந்தது, மணம் வரவில்லை. மூன்றாம் நாள் கிணற்று வாளி தண்ணீரில் விழுந்தது, சத்தம் கேட்கவில்லை. நகரத்துக்காரர்கள் கால் நனைக்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள்; கால் நனைவதில்லை என்று குறைப்பட்டார்கள். ஆறாம் நாள் காலை ஆறு மணிக்குப் பூட்டுத் திறந்து பெயர் வெளியே விழுந்தது. விழுகிற பெயர்களைப் பிடிப்பதற்கென்றே எந்திரங்களை விழிக்கவைத்திருக்கும் ஒரு தூர தேசத்துக் கம்பெனி, இமை கொட்டும் நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டது. விதிப்படி முதலில் கேட்டவர் அவர்கள். ஏழு மணிக்கு கணினியில் ஆலாத்திட்டு என்று தட்டினால் சூதாட்டச் சக்கரம் ஒன்று சுழன்றது.

எட்டு மணிக்கு இன்னாசியம்மா மாடியேறி வந்தார். கவுண்டருக்கு வரவில்லை, நேராக என் அறைக்கு வந்தார். கையில் இளஞ்சிவப்புச் சீட்டு இருந்தது, வெயிலில் வெளிறியிருந்தது.

"கெளம்புறோம் சார். தண்ணி நல்லா ஏறிருக்கப்பவே கெளம்புனாத்தான் உண்டு. இதுல நீங்க கையெழுத்துப் போடணுமாம், இல்லாட்டி வாசல்ல விடமாட்டாங்களாம்."

"எங்க போறீங்க?"

"போய்ப் பாக்கணும்."

சீட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். "சந்தித்த அதிகாரி" என்று அச்சிட்டு ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் வெறும் கையெழுத்து மட்டும் வைக்க என்னால் முடியவில்லை. ஆறு நாளாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருந்த தாளை எடுத்து, அதிலிருந்த வரியை அப்படியே சீட்டின் பின்னால் எழுதினேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அவர் கண்கள் எந்தச் சொல்லில் நிற்கின்றன என்று எனக்குத் தெரிந்தது.

"எப்பத் தெரியும் சார் உங்களுக்கு?"

"படிவம் எழுதுன அன்னைக்கே."

"முப்பதாம் நாளு படகுல வந்து உக்காந்தீங்களே."

"அப்பவும் தெரியும். பையில எழுதி வச்சிருந்தேன்."

அவர் சீட்டை என்னிடமே நீட்டினார். கீழே யாரோ இன்னாசியம்மாவைக் கூப்பிடாமல், செயலாளரம்மா என்றும் சொல்லாமல், "அந்தச் சீட்டு வந்தாச்சா" என்று மட்டும் கேட்கும் சத்தம் வந்தது.

"நீங்களே வந்து வாசிச்சிருங்க," என்றார். "நான் வாசிச்சா நானே எழுதிட்டு வந்தேம்பாங்க."

மாதாகோவில் படியில் நின்றேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் உட்கார்ந்து எழுதிய அதே படி, இப்போது கால் வைத்தால் லேசாக உள்வாங்கியது. நாற்பத்தோரு வீட்டுச் சனமும் மூட்டை முடிச்சோடு நின்று கேட்டது. வாசித்தேன். பின்வரிசையில் ஒருவர், "கேக்கல, சத்தமா," என்றார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் தேவலை என்றுகூட நினைத்தேன். துடுப்பைத் தோளில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், "வாசிச்சாச்சுல்ல, எறங்குங்க சார், படியத் தூக்கணும்," என்றார்.

இறங்கினேன். என்னை அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. பெரிய வலையை எடுக்க மூன்று பெண்கள் மூன்று மூலையைப் பிடித்தார்கள். நான்காவது மூலை மணலில் கிடந்தது. இன்னாசியம்மாவின் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தவள், அந்த மூலையைக் குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மற்ற மூன்று பேரோடு சேர்ந்து தூக்கினார்.

ஊர் கிளம்பியது. வீடுகள், கிணறு, தென்னைகள், கோவில், எல்லாம் வந்த வழியே கதவைத் தாண்டின. இன்னாசியம்மா கடைசியில் வந்தார். சீட்டைத் துரைக்கண்ணுவிடம் நீட்டும்போது ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டு, "இத நாங்க வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"சீட்டு ஆபீசோடதும்மா. குடுத்துட்டுத்தான் போகணும்."

கொடுத்துவிட்டுப் போனார். துரைக்கண்ணு அதை மற்றச் சீட்டுகளோடு கம்பியில் குத்தினார். பற்பசை விற்க வந்தவரின் சீட்டுக்கும் குழாய் பழுது பார்க்க வந்தவரின் சீட்டுக்கும் நடுவில்.

அன்று நண்பகல் கோப்பு போவதற்கு முன் மீதி முப்பத்தேழு ஊர்களுக்கும் அதே வரியை எழுதிப் பெனடிக்டாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், அண்ணே என்று சொல்லவில்லை. அந்த ஊர்கள் அவையவை இருந்த இடத்தில் இருக்கின்றன. இதைச் சொல்வதால் என் கணக்கு நேராகும் என்று நான் நினைக்கவில்லை. எட்டடிக் கடல் மட்டும் போகாமல் வண்டி நிறுத்துமிடத்திலேயே தங்கிவிட்டது. இரண்டு தடவை சிமெண்டு போட்டும் ஏறி வற்றுகிறது, யாரும் மீன் பிடிப்பதில்லை. வடக்கே போகிற படகுக்காரர்கள் சில நாள் தூரத்தில் புகை தெரிவதாகவும், ஆலாப் பறவைகள் கூட்டமாக இறங்குவதாகவும், கிட்டே போய் இது எந்த ஊர் என்று கேட்டால் கரையில் நிற்பவர்கள் சொல்வதில்லை என்றும் சொல்கிறார்கள்.

ஊர் போன அந்தக் காலையில் துரைக்கண்ணு பதிவேட்டை விரித்து, வெளியேறிய நேரம் எட்டு ஐம்பது என்று எழுதினார். பேனா அடுத்த கட்டத்தில் நின்றது.

"சந்திச்ச அதிகாரி பேர் எழுதணும் சார். சீட்டுல கையெழுத்து புரியல." தலையைச் சொறிந்துகொண்டார். "பதினெட்டு வருசமா பாலிசி சார் பாலிசி சார்னே கூப்பிட்டுட்டேன். உங்க பேரு என்ன?"

சொன்னேன். அவர் எழுதினார். தண்ணீர் என் கணுக்கால்வரை வந்திருந்தது, செருப்பைக் கழற்றவில்லை. எழுத்து சின்னதாக இருந்தது. இன்னும் பெரிதாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.